ரெஜெக்ஸுக்கு ஒரு ஆயுத எழுத்து

டிஸ்கி: இது பொட்டி தட்டுற மேட்டர். கவிதை, சினிமா விமர்சனம்னு தேடி வந்தவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம். உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும் இன்னிக்கு எஸ்கேப் பத்திதான் பேச்சு :-)

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். ரெகுலர் எக்ஸ்பிரஷன்ல (இனிமே ரெஜெக்ஸ்) எஸ்கேப் எழுத்தா எதை வச்சுக்கறதுங்கறத எழுதறவன் கையில விடணும். ஐம்பது வருஷத்துக்கு மேல பேக்ஸ்லாஷ் ஒருத்தர்தான் அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கார். அவர் கெட்டவர் இல்ல. ஆனா அவர் ஒரே நேரத்துல நாலு ஆபீஸ்ல உத்தியோகம் பார்க்கிறார், அதுதான் பிரச்னை.

ரெஜெக்ஸ் பக்கம் போகாதவங்களுக்காக ரெண்டு வரி. ஒரு பெரிய உரையில "இந்த மாதிரி இருக்கிறத எல்லாம் தேடு, அந்த மாதிரி மாத்து"ன்னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்ற குட்டி மொழி அது. அதுல சில குறிகளுக்குத் தனி அர்த்தம் உண்டு. புள்ளி வச்சா எந்த எழுத்தா இருந்தாலும் சரின்னு அர்த்தம். + வச்சா முன்னாடி இருக்கிறது ஒண்ணோ அதுக்கு மேலயோ. $ வச்சா வரியோட கடைசி. சரி, நிஜமாவே ஒரு $ குறியைத் தேடணும்னா? முன்னாடி ஒரு \ போட்டு \$ னு எழுதணும். "இந்த டாலர் வெறும் டாலர்தாம்பா"ன்னு அடையாளம் காட்டுற அந்த \ தான் எஸ்கேப் எழுத்து.

எனக்கு இது வெறும் ரசனைப் பிரச்னையாத்தான் ரொம்ப நாள் இருந்தது. போன வருஷம் ஒரு வேலை வந்துச்சு.

யாழ்ப்பாணத்துக்காரர் ஒருத்தர், கனடாவுல இருக்கார், பல வருஷப் பழக்கம். அவங்க அப்பா காலமாகறதுக்கு முன்னாடி தன்னோட வாழ்க்கைக் குறிப்பை நூத்து நாற்பது பக்கம் தட்டி வச்சிருந்தார். எல்லாம் பாமினி எழுத்துருவுல. பழைய ஆளுங்களுக்கு பாமினி ஞாபகம் இருக்கும். கண்ணுக்குத் தமிழ், உள்ளுக்குள்ள ஆங்கிலக் கீபோர்டு எழுத்து. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா தமிழ் எல்லாம் குப்பையா தெரியும். "யூனிகோடுக்கு மாத்தித் தர ஏலுமோ?"ன்னு கேட்டார். வெட்டி ஆபீசர்தானே, சரின்னேன். இதுக்கு நெட்ல மாத்திகள் ஏற்கனவே நிறைய உண்டு, போட்டும் பார்த்தேன். ஆனா அய்யா தட்டச்சுல சில தனிப் பழக்கம் வச்சிருந்தார். சில இடத்துல புள்ளி ரெண்டு தடவை விழுந்திருக்கும், கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவுல ஒரு இடைவெளி வந்திருக்கும். பாமினியில கொம்பு எழுத்துக்கு முன்னாடி வரும், யூனிகோடுல பின்னாடி போகணும். அதனால வெறும் தேடி-மாத்து போதாது, ரெஜெக்ஸ் வேணும்னு நானே பைத்தான்ல உட்கார்ந்தேன்.

இப்ப பாமினியோட கூத்தைக் கவனிங்க. அதுல புள்ளின்னா ; குறி. ஜ-ன்னா [ குறி. ஸ-ன்னா ]. கூ-ன்னா $. மூ-ன்னா %. 'பு'வுக்கு ஆங்கிலப் பெரிய ஜி, 'பூ'வுக்கு அதே ஜியோட ஒரு + ஒட்டிக்கும். ரெஜெக்ஸ்ல எதெல்லாம் விசேஷக் குறியோ அதுல பாதி இங்க சாதாரணத் தமிழ் எழுத்து!

முதல் தடவை ஓட்டினப்போ ஜ-வும் ஸ-வும் கைகொடுத்துச்சு. [ தனியா நின்னா ரெஜெக்ஸ் "மூடாம விட்டுட்டே"ன்னு கத்திடும், சரி பண்ணிடலாம். கத்தாம விடுறதுதான் ஆபத்து. ஒரு இடத்துல $ க்கு முன்னாடி எஸ்கேப் விட்டுப் போச்சு. என்ன ஆச்சு? நிரல் வரி வரியா படிச்சு, ஒவ்வொரு வரியோட கடைசியிலயும் ஒரு 'கூ' போட்டுக்கிட்டே போச்சு. மதுரை பாசஞ்சர் மாதிரி நூத்து நாற்பது பக்கமும் கூ... கூ... கூ... அவ்வ்வ்வ்வ்.

அதைக்கூட பார்த்தவுடனே கண்டுபிடிச்சேன். + விஷயம் அப்படி இல்ல. எஸ்கேப் இல்லாத + இருந்தா "ஜி ஒண்ணோ அதுக்கு மேலயோ"ன்னு ரெஜெக்ஸ் எடுத்துக்கும். அதனால 'பு' எல்லாமே 'பூ' ஆயிடும். புதன்கிழமை பூதன்கிழமை ஆச்சு, புகையிலை பூகையிலை ஆச்சு. நிஜமான பூவுக்குப் பக்கத்துல ஒரு + அநாதையா நிக்கும். நான் நாலு பக்கம் படிச்சுப் பார்த்துட்டு சரின்னு அனுப்பிட்டேன், அந்த நாலு பக்கத்துல அய்யா புகையிலைப் பக்கமே போகல போல. நண்பர் ராத்திரி கூப்பிட்டார். "அப்பா தமிழ் வாத்தியார். ஒருக்காலும் இப்பிடிப் பிழை விட்டு எழுதேல்லை." குரல்ல கோபம் இல்ல, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்தது. செத்துப்போனவர் கையெழுத்துல நான் எழுத்துப்பிழை போட்டுட்டேன்.

எஸ்கேப் போட மறந்தது உன் தப்பு, பேக்ஸ்லாஷ் என்ன பண்ணும்னு கேட்பீங்க. நியாயம். ஏன் மறந்தேங்கறத சொல்றேன். மாற்று அட்டவணையை நிரலுக்குள்ள வைக்காம தனியா ஜேசன் கோப்பா வச்சிருந்தேன். காரணம், நண்பரோட மருமகன் அதையே பிரவுசர்ல ஜாவாஸ்கிரிப்டு வச்சு ஓட்டணும்னார். ஜேசனுக்கும் எஸ்கேப் எழுத்து பேக்ஸ்லாஷ்தான். அதனால ரெஜெக்ஸுக்கு \$ போய்ச் சேரணும்னா ஜேசன்ல \\$ னு எழுதணும். ஒரு பேக்ஸ்லாஷ் வாசல்லயே செத்துடும், ரெண்டாவதுதான் உள்ள போகும். ஒரே ஒரு நிஜ பேக்ஸ்லாஷைத் தேடணும்னா \\\\ னு நாலு. அட்டவணை முழுக்க சாஞ்ச குச்சியா நின்னா எது ரெண்டு எது மூணுன்னு கண்ணு எண்ணாது. பெர்ல் ஆளுங்க இதுக்கு 'சாய்ந்த பல்குச்சி நோய்'னே பேர் வச்சிருக்காங்க, அவங்க கையேட்டுலயே இருக்கு.

ஜேசன்ல இன்னொரு விஷமும் உண்டு. \$ னு ஒத்தை பேக்ஸ்லாஷ் போட்டா ஜேசன் செல்லாதுன்னு சொல்லிடும். ஆனா ரெஜெக்ஸ்ல வார்த்தை எல்லையைக் குறிக்கிற பேக்ஸ்லாஷ்-பி இருக்கே, அது ஜேசன்லயும் செல்லும், அங்க அதுக்கு 'பேக்ஸ்பேஸ்'னு அர்த்தம். பிழைச்செய்தி எதுவும் வராது. கோப்புல இல்லாத ஒரு பேக்ஸ்பேஸைத் தேடிட்டு "ஒண்ணும் இல்லீங்க"ன்னு திரும்பி வந்துடும். நான் ஒரு சனிக்கிழமை முழுசா இதுக்குத் தொலைச்சேன்.

இந்த நிலைமை எப்படி வந்துச்சுன்னு பார்த்தா யார் மேலயும் கோபப்பட முடியல. பேக்ஸ்லாஷ் கீபோர்டுக்கு வந்ததே வேற வேலைக்கு. 1961-ல பாப் பீமர்ங்கறவர் அதை ஆஸ்கி பட்டியலுக்குள்ள கொண்டு வந்தார். அல்கால் மொழியில 'உம்', 'அல்லது' குறிகளை /\ னும் \/ னும் ரெண்டு கோட்டை சேர்த்து எழுதிக்கலாம்னு.  பின்னால பெல் லேப்ஸ் ஆளுங்க அதை யூனிக்ஸ்ல எஸ்கேப் வேலைக்குப் பிடிச்சுப் போட்டாங்க. அப்ப யூனிக்ஸ் டெர்மினல்ல # அடிச்சா முந்தின எழுத்து அழியும், @ அடிச்சா வரியே போயிடும். நிஜ @ வேணும்னா \@ அடிக்கணும். கென் தாம்ப்சன் 1968-ல ரெஜெக்ஸ் தேடல் பத்தி கட்டுரை எழுதினவர், அப்புறம் ஈடி எடிட்டர்ல (அமலாக்கத்துறை இல்லீங்க) ரெஜெக்ஸை வச்சார். அங்க மனுஷன் நேரா கையால தட்டுவான், நடுவுல வேற மொழி கிடையாது. அதனால பேக்ஸ்லாஷ் ஒண்ணே போதும், ஒரு சண்டையும் இல்ல. பக்கத்து மேஜையில டென்னிஸ் ரிட்சி சி மொழியோட சரங்களுக்கும் அதையே வச்சார். அதுவும் தனியா பார்த்தா சரிதான்.

ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ வந்தப்பதான் வினை. ரெஜெக்ஸை ஒரு நிரல் மொழியோட சரத்துக்குள்ள எழுத ஆரம்பிச்சாங்க. ஒரே வீட்டுல மாமனாருக்கும் மருமகனுக்கும் ஒரே பேர். கூப்பிட்டா யார் திரும்பறதுன்னே தெரியாது. ஜாவா 2002-ல தன் ரெஜெக்ஸைக் கொண்டு வந்தப்போ இந்தச் சண்டை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், இருந்தாலும் நாலு பேக்ஸ்லாஷ் வழக்கத்தை அப்படியே எடுத்துக்கிச்சு. பின்னால கச்சாச் சரம் கொண்டு வர ஒரு யோசனை வந்து 2018-ல அதையும் வாபஸ் வாங்கிட்டாங்க.

ஆபீஸ் தம்பி ஒருத்தன்கிட்ட இதைப் புலம்பினேன். "அண்ணே, இதுக்குத்தானே ரா ஸ்ட்ரிங் இருக்கு? பைத்தான்ல முன்னாடி ஒரு எழுத்து போட்டா பேக்ஸ்லாஷ் அப்படியே போயிடும். எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒண்ண ஏண்ணே கிளறுறீங்க"ன்னான். பாதி சரி. பைத்தானுக்குள்ளயே இருக்கிற வரைக்கும் ரா ஸ்ட்ரிங் அருமை. (அதையும் ஒத்தை பேக்ஸ்லாஷ்ல முடிக்க முடியாதுங்கறது தனிக் கதை.) ஒத்தை பேக்ஸ்லாஷை அலட்சியமா போடறவங்களுக்கு பைத்தானே 2016-ல 3.6-லேர்ந்து முணுமுணுத்து, 2023-ல 3.12-ல எல்லாருக்கும் கேக்குற மாதிரி எச்சரிக்கை விடுது. ஆனா ரெஜெக்ஸ் எப்பவும் பைத்தானுக்குள்ளயே குடியிருக்கறதில்ல. ஜேசன்ல இருக்கும், ஷெல் கட்டளையில இருக்கும், டேட்டாபேஸ் கேள்விக்குள்ள இருக்கும். ஜேசனுக்கு ரா ஸ்ட்ரிங் கிடையாது. வீடு மாறும்போது பேரை மாத்திக்கிற உரிமை குடியிருக்கிறவனுக்கு இருக்கணும்ங்கறதுதான் என் கட்சி.

"எழுத்தைத் தேர்ந்தெடுக்கறதா? யார் கேட்டா?"ன்னு தம்பி சிரிச்சான். கேட்டவங்க நிறைய பேர் இருக்காங்க. எஸ்க்யூஎல்ல 'லைக்' போட்டுத் தேடும்போது கடைசியில 'எஸ்கேப்'னு ஒரு சொல் சேர்த்து, எந்த எழுத்து வேணுமோ அதைச் சொல்லிக்கலாம். ! வேணுமா, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் !தான் எஸ்கேப். 1992 தரத்துலயே இருக்கு. டொனால்ட் குனூத்தோட டெக்ல எந்த எழுத்தையும் எஸ்கேப்பா நியமிக்கலாம். எல்லாத்தையும் விட வேடிக்கை, அதே பெல் லேப்ஸ்ல எழுபதுகள்ல வந்த ட்ராஃப் அச்சுக்கோர்ப்பு நிரல்ல 'ஈசி'ன்னு ஒரு கட்டளை உண்டு. எஸ்கேப் எழுத்தை மாத்தறதுக்குன்னே. மாத்தற வசதி பக்கத்து அறையில இருந்திருக்கு, ரெஜெக்ஸ் மட்டும் எட்டிப் பார்க்கல. சுத்தி வேலி போடற குறியை செட்லயும் பெர்ல்லயும் இஷ்டத்துக்கு மாத்திக்கலாம். காவல்காரனை மாத்த முடியாது.

லுவாக்காரங்க மாத்தினாங்க. பிரேசில்ல பிறந்த அந்த மொழி தன் தேடல் வடிவங்களுக்கு % குறியை எஸ்கேப்பா வச்சது. சரத்துக்கு \, வடிவத்துக்கு %. %$ னு எழுதினா முடிஞ்சது, ரெட்டிப்பு இல்ல. லுவா எழுதறவன் யாரும் பேக்ஸ்லாஷ் வேணும்னு அழுது நான் பார்த்ததில்ல. பவர்ஷெல்லும் இப்படித்தான். விண்டோஸ்ல கோப்புப் பாதைக்கு பேக்ஸ்லாஷ் போயிடுச்சு (1983-ல டாஸ் 2.0 அடைவுகளைக் கொண்டு வந்தப்போ / ஏற்கனவே கட்டளைத் தெரிவுகளுக்குப் பிடிச்சாச்சு). அதனால பவர்ஷெல் எஸ்கேப்புக்கு ` எடுத்துக்கிச்சு. அதனாலேயே அங்க ரெஜெக்ஸ் எழுதறது நிம்மதி.

ஜப்பான்காரங்க கதை இன்னும் பாவம். ஷிஃப்ட்-ஜிஸ் குறிமுறையில சில எழுத்துக்கு ரெண்டாவது பைட்டு பேக்ஸ்லாஷோட எண்ணே, 92. 'ஸோ'ன்னு ஒரு கட்டகானா எழுத்து, அதை சரத்துக்குள்ள எழுதினா அதோட பாதி எஸ்கேப்பா மாறிடும். அந்த எழுத்துங்களுக்கு 'உருப்படாத எழுத்து'ன்னே பேர் வச்சுட்டாங்க. எழுத்து என்ன பாவம் பண்ணுச்சு சொல்லுங்க.

சரி, என் அட்டவணைக்கு வருவோம். முதல்ல லுவா மாதிரி % வைக்கலாம்னு நினைச்சேன். பாமினியில அது மூ! 'மூன்று' வரும்போதெல்லாம் மாட்டிக்கும். ~ பார்த்தா ஷ. # பார்த்தா சூ. ! ரெஜெக்ஸுக்குள்ளயே 'இது இல்லாம'ங்கற வேலையில இருக்கு, அய்யா வேற ஆச்சரியக்குறிப் பிரியர். ஆங்கிலக் கீபோர்டுல காலி மனையே இல்ல. எஸ்கேப்பே இல்லாம சமாளிக்கவும் ஒரு வழி உண்டு, குறியைப் பெட்டிக்குள்ள அடைக்கிறது. [$], [+], [.] எல்லாம் எங்கயும் வேலை செய்யும், சின்ன வேலைக்கு நான் இன்னும் அதைத்தான் சொல்வேன். ஆனா ] குறியை []] னு அடைச்சா பைத்தான் புரிஞ்சுக்கும், ஜாவாஸ்கிரிப்டு அதைக் காலிப் பெட்டின்னு எடுத்துக்கும். 'ஸ' போச்சு.

அப்பதான் பல்பு எரிஞ்சுது. அட்டவணையோட இடது பக்கம் முழுக்க ஆங்கிலக் கீபோர்டு குறிகள். அங்க வரவே வராத எழுத்து எது? யூனிகோடுத் தமிழ் எழுத்து எதுவுமே! அதுல எது? புள்ளி, கொம்பெல்லாம் ஆகாது, முன்னாடி இருக்கிறதோட போய் ஒட்டிக்கும், தனியா நிக்காது. க, ச எல்லாம் படிக்கக் குழப்பம். ஃ.

யோசிச்சுப் பாருங்க, ஃ அந்த வேலையைத்தான் ஏற்கனவே பார்த்துக்கிட்டிருக்கு. 'ப'ன்னா ப. முன்னாடி ஃ போட்டு 'ஃப'ன்னா "இது வழக்கமான ப இல்ல, வேற மாதிரி வாசி". எஸ்கேப் எழுத்துக்கு இதைவிட என்ன இலக்கணம் வேணும்? இதுக்கெல்லாம் கமிட்டி போட்டு யாரும் முடிவு பண்ணல, பழக்கத்துல வந்தது.

அதனால என் அட்டவணையில $ இப்ப ஃ$. பூவுக்கு ஜிக்கு அப்புறம் ஃ+. ஜ-வுக்கு ஃ[. பிடிச்சு வச்ச முதல் துண்டைத் திருப்பிப் போட ஃ1. (ஜாவாஸ்கிரிப்டுல மாத்தற பக்கத்துக்கு $1 னு எழுதணும், அது மூணாவது எஸ்கேப். எல்லாத்துக்கும் ஃ1 போதும்னு வச்சுட்டேன்.) கோப்போட முதல் வரியிலயே 'எஸ்கேப்: ஃ'ன்னு அறிவிச்சாச்சு, எஸ்க்யூஎல் மாதிரி. அந்த அறிவிப்பு இல்லாம இதைப் பண்ணினா நானே எதிர்ப்பேன். நாளைக்கு அந்தக் கோப்பைத் திறக்கிறவன் எங்க போய்க் கேப்பான்? அதே மாதிரி ஆபீஸ்ல பத்து பேர் படிக்கிற நிரலுக்குள்ள இந்த விளையாட்டு வேண்டாம், தம்பி சொன்னதுல அந்தப் பாதியை ஒத்துக்கறேன்.

நிரல்ல ஒரு சின்ன மொழிபெயர்ப்பாளன் வேணும், ஃ-ஐ \ ஆக்கி ரெஜெக்ஸ்கிட்ட கொடுக்க. ஒரே வரி, 'ஃ எல்லாத்தையும் \ ஆக்கு'ன்னு எழுதிட்டு கெத்தா உட்கார்ந்தேன். தப்பு. நிஜ ஃ வேணும்னு ஃஃ எழுதினா அது \\ ஆகி, ஒரு பேக்ஸ்லாஷைத் தேடப் போயிடும். இடமிருந்து வலமா ஒவ்வொரு எழுத்தாப் படிக்கணும். ஃ வந்தா அடுத்ததையும் சேர்த்துப் பார்க்கணும், அடுத்ததும் ஃ-ன்னா ஒரு ஃ மட்டும் எழுதணும். வெறும் \ வந்தா அது இப்ப சாதாரணக் குறி, அதை \\ ஆக்கணும். பதினஞ்சு வரிதான். யாராவது இதே மாதிரி பண்ணப் போறீங்கன்னா இந்த இடத்தை மட்டும் அவசரப்படாதீங்க.

லாபம் என்னன்னா, நண்பர் இப்ப அட்டவணையைத் தானே திருத்தறார். அவர் நிரல் எழுதற ஆள் இல்ல, கணக்காளர். \\ போட்டு இருந்தப்போ "உதுக்குள்ள நான் கை வைக்க மாட்டன்"னு ஒதுங்கியிருந்தார். அப்பா எப்படித் தட்டுவார்னு தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான், அவரால அதைத் தொட முடியல. "ஃ போட்டா அடுத்த குறி வெறும் குறி"ன்னு ஒரே வரிதான் சொன்னேன். "ஃபாதர்ல வாற ஃ மாதிரி"ன்னார். அவ்வளவுதான் பாடம்.

பூதன்கிழமை எல்லாம் புதன்கிழமை ஆயாச்சு. போன வாரம் அவரே ஒரு புது வரி எழுதி அனுப்பியிருந்தார். அப்பா வாக்கியத்தை முடிக்காம விடுற இடத்துல மூணு புள்ளிக்குப் பதிலா எப்பவும் நாலு வைப்பாராம். அதைப் பிடிக்க ஃ.ஃ.ஃ.ஃ. னு போட்டிருக்கார். ஓட்டிப் பார்த்தேன், சரியாப் பிடிக்குது, முன்னூத்துச் சொச்சம் இடம். வலது பக்கம் மட்டும் காலியா விட்டிருந்தார். மூணாக்கறதா, அப்பா வச்ச மாதிரியே நாலா விடறதான்னு அக்காகிட்ட கேட்டுட்டு சொல்றேன்னார்.